சந்தையில் நெய்தலுக்கும் இடம் வேண்டும்

மருதமும் நெய்தலும் தோளோடு தோள் உரசி நிற்கும் நிலம் நாஞ்சில் நாடு. சுசீந்திரத்துத் தாணுமாலயன் கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிவிட்டுச் சற்றே தெற்கு நோக்கி நடப்போமாயின், பழையாற்றின் கரையை ஒட்டி நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் விரிந்து கிடப்பதைக் காணலாம். அந்த ஆறே சில கல் தொலைவில் மணக்குடிக் காயலாகி அரபிக் கடலில் கலக்கிறது. ஏரோட்டுபவனும் வலை வீசுபவனும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் வாழ்கின்றனர். இவ்வூரை அடுத்த சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகள் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் எய்தியுள்ளன. அங்கு வந்து தங்கும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் அன்றன்று பிடித்த மீன் தடையின்றிக் கிடைக்கிறது. கையில் காசு வைத்துக்கொண்டு காத்திருக்கும் மனிதனுக்குத்தான் அது கிடைப்பது அரிதாகி வருகிறது!

உள்ளூர்க் கடலில் பிடித்த புதிய மீனை, பிடித்தவர் வீட்டாரிடமிருந்தே, நகரத்துச் சந்தையில் வாங்க நமக்கு வழியுண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா. சிறிய வினாதான். ஆயினும் இதற்குள் நம் உடல்நலமும், கடற்கரை மகளிரின் பிழைப்பும், அவர்தம் மதிப்பும் அடங்கியிருக்கின்றன.

உழவர்க்கு இவ்வழி முன்பே திறக்கப்பட்டுவிட்டது. பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் உழவர் நேரடியாக விற்கும் சந்தை தோன்றியது. ஆந்திரத்தில் 1999 சனவரியில் ‘ரைத்து பசார்’ தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், அந்நாள் முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். இடைத்தரகர் இல்லை; உழவர் என்பதற்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை; அரசே தரும் தராசு; காலையில் பலகையில் எழுதப்படும் விலை – இவையே அத்திட்டத்தின் உயிர்நாடி. மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குச் சற்றுக் கீழுமாக விலை அமைவதால் விற்பவரும் வாங்குபவரும் ஒருசேரப் பயனடைந்தனர். இடையே சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தபோதும், 2006க்குப் பின்னர் அச்சந்தைகள் மீண்டும் உயிர்பெற்றன. நாகர்கோவில் வடசேரியிலும் உழவர் சந்தை உண்டு. பூதப்பாண்டிப் பக்கத்து வாழைத்தாரையும் தோவாளைப் பக்கத்துக் கீரையையும் விளைவித்தவர் கையிலிருந்தே நாம் அங்கே வாங்க இயலும்.

ஆனால் மீன்? உழவர் சந்தை காய்கறிக்கும் கனிக்கும் கீரைக்கும் உரியதாகவே வகுக்கப்பட்டது. மண்ணை உழுபவர் உழவர். கடலை உழுபவர் யார்? நம் மாவட்டத்தின் மூன்று பக்கமும் வயலும் மலையுமாக இருந்திருந்தால் இவ்வினா எழாது. கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை ஊர்தோறும் கடற்றுறை கொண்ட மாவட்டத்தில், நிலத்தின் விளைவுக்கு மட்டும் கூரையும் தராசும் தந்து கடலின் விளைவைத் தெருவோரத்தில் விட்டிருப்பது நேரியதன்று என்பதே நம் கருத்து.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு இப்பிரிவினை வியப்பாகவே தோன்றும். ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் காட்டும் பாண்மகளை நினைவுகூர்வோம். அவள் கூடையில் கெளிற்று மீன் கொண்டுவந்து உழவர் மனையில் கொட்டுகிறாள். வெறுங்கூடையாக அவளைத் திருப்பியனுப்ப மனமில்லாத மனைவி, அதே கூடை நிறையப் பயற்றை நிரப்பித் தருகிறாள். அடுத்த பாட்டில் வராலுக்கு மாற்றாகப் பழைய வெண்ணெல் நிறைகிறது. புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர், முசிறியில் மீன் விற்றுப் பெற்ற நெல் குவிந்து கிடக்கும் மனைகளைக் காட்டுகிறார். இவ்விடங்களில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மீனும் நெல்லும் ஒரே வாயிலில், ஒரே கூடையில் மாறிக்கொள்கின்றன. நடுவில் மூன்றாமவர் இல்லை. விற்பவள் பெண், வாங்குபவளும் பெண். உரையாசிரியர்கள் இப்பாடல்களில் உள்ளுறையைத் தேடிச் சென்றனர். அது அவர்தம் கடன். நமக்கோ அந்தக் கூடையே போதும்.

அந்தக் கூடை நம் காலம் வரையிலும் வந்தது. கடவத்தில் மீனைச் சுமந்து விடியற்காலையில் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்த மகளிரை நம் மாவட்டத்து முதியோர் எல்லோரும் அறிவர். மணக்குடியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் புறப்பட்டு, சுசீந்திரம், இடலாக்குடி, கோட்டாறு என அவர்தம் காலடி விழுந்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடலாக்குடித் தெருக்களில், ‘உம்மா, நல்ல சாளை உண்டு’ என்ற குரலே பொழுது புலர்ந்ததை அறிவிக்கும். வாங்குவோர் அவளை ‘அக்கா’ என்பர். அவளோ பெரியவர் சிறியவர் பாராது எல்லோரையும் ‘மக்களே’ என்றழைப்பாள். எந்த வீட்டில் நோயாளி உண்டு, எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் உண்டு, எவருக்குப் பால்சுறா வேண்டும், எவருக்கு நெத்திலி போதும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடன் சொல்வோர்க்கும் மீன் உண்டு. கணக்கு அவள் நெஞ்சில் உண்டு. கடவம் இன்று அலுமினியப் பாத்திரமாக மாறியிருக்கிறது; நடை பேருந்தாகவும் ஆட்டோவாகவும் மாறியிருக்கிறது; ஆள் குறைந்து வருகிறாள்.

ஏன் குறைகிறாள்? காரணங்கள் பல. கடற்கரை ஏலத்தில் பெருமுதலோடு வந்து நிற்கும் வணிகரோடு அவளால் போட்டியிட முடிவதில்லை. மீன்பிடித் துறைமுகங்கள் வளர வளர, தனித்தனிக் கரைகளில் ஒதுங்கிய வள்ளங்களின் மீன் ஓரிடத்தில் குவிகிறது. அங்கே குளிரூட்டிய வண்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. நல்ல மீன் கேரளத்துக்கும் வெளிநாட்டுக்கும் போக, வெளியூர் மீன் நம் தெருவுக்கு வருகிறது. இதில் ஒரு முரண் உண்டு. கடலுக்கு அருகில் வாழும் நாம், பல நாள் பழைய மீனைப் பனிக்கட்டியோடு சேர்த்து வாங்குகிறோம்; நம் கடலின் மீனோ நெடுந்தொலைவில் இருப்பவர் தட்டில் விழுகிறது.

பழைய மீன் என்பதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2018 சூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் ‘சாகர் ராணி’ என்ற பெயரில் நடத்திய சோதனையில், நம் மாவட்ட எல்லையை அடுத்த அமரவிளைச் சோதனைச் சாவடியிலும் செங்கோட்டை வழியிலுள்ள ஆரியங்காவிலும் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ அளவில் பிடிபட்டது. பிணவறையில் உடல் கெடாதிருக்கப் பயன்படும் நீர்மம் அது. அதன் மூலமாகிய ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்தியிருந்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ஒரு சிறு தாளை மீனின் மேல் தேய்த்துக் கலப்படத்தைக் கண்டறியும் முறையை உருவாக்கியிருக்கிறது. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அந்தத் தாளோடு நிற்பதற்கு ஓரிடம் வேண்டாமா? ஆயிரம் தெருமுனைகளில் அதிகாரி எவ்வாறு நிற்பார்? விற்பனை ஓரிடத்தில் முறையாக அமைந்தால் அல்லவோ சோதனையும் முறையாக நடைபெறும்.

நல்ல மீனை அறியும் கலை நம் தாய்மார்க்குத் தெரிந்ததுதான். செவுளைத் தூக்கினால் செக்கச் செவேல் என்றிருக்க வேண்டும். கண் தெளிந்து, சற்றுப் புடைத்து நிற்க வேண்டும். விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும். கடலின் மணம் வீச வேண்டுமேயன்றி நாற்றமோ மருந்து நெடியோ கூடாது. ஈ மொய்க்காத மீனைக் கண்டு மகிழ்பவர் உண்டு. மகிழ்வதற்கு முன் ஏன் மொய்க்கவில்லை என்று எண்ணிப் பார்ப்பது நன்று! வெட்டித் துண்டாக்கிய மீனில் இச்சான்றுகளுள் பாதி மறைந்துபோகின்றன. பளபளக்கும் நெகிழித்தாளில் சுற்றி வரும் மீனில் மீதிப் பாதியும் மறைந்துவிடும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருக்கக் கண்டு, மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகனை நபிகள் நாயகம் (ஸல்) கடிந்துகொண்ட நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவோம். மீன் கூறுகளை நோக்கும்போதெல்லாம் அந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருவதுண்டு.

கூறு என்றவுடன் சொல்லத் தோன்றும் ஒன்று. தராசு வேண்டும் என்று நாம் கேட்பதால், கூறு வைத்து விற்கும் முறையையே ஒழித்துவிடக் கூடாது. ஐம்பது ரூபாயோடு வரும் கூலித் தொழிலாளி, ‘இருநூறு கிராம் கொடு’ என்று கேட்கக் கூச்சப்படுவார். ஒரு கூறு சாளையை மதிப்போடு வாங்கிச் சென்று மரச்சீனிக் கிழங்கோடு உண்பார். நெய்மீனுக்கும் விளமீனுக்கும் தராசு. சாளைக்கும் நெத்திலிக்கும் கூறு. அறிஞர்கள் திட்டம் தீட்டும்போது இத்தகைய சிறு வழக்குகளே முதலில் அடிபட்டுப் போகின்றன.

பருவத்தைப் பற்றியும் வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும். மீன் இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரையிலும் 61 நாட்கள் அது நடைமுறையிலுள்ளது. இவ்விரு தடைகளும் பொருந்தும் மாவட்டம் தமிழகத்தில் நம்முடையது ஒன்றே. சின்னமுட்டத்துப் படகுகள் கரையில் நிற்கும்போது குளச்சல் பக்கம் ஓடும். பின்னர் இது மாறும். இருபுறமும் விசைப்படகுகள் ஓய்ந்திருப்பது சூன் மாதத்தின் முதல் பதினான்கு நாட்களே. அந்நாட்களிலும் வள்ளமும் கட்டுமரமும் கடலுக்குப் போகும். ஆகவே ஆண்டு முழுவதும் உள்ளூர் மீன் சிறிதேனும் இருக்கவே செய்கிறது. தடைக்காலத்தில் பெருமீனைக் கேட்டு அடம் பிடிப்பவர்க்குத்தான் குளிர்கிடங்கின் மீன் வந்து சேர்கிறது. அக்காலத்தில் குளத்து மீனும் காயல் மீனும் உண்பதில் என்ன குறை? விராலும் கெளிறும் நம் முன்னோர் விரும்பி உண்டவையே. பழையாற்றில் நகரத்துச் சாக்கடை கலப்பதை நிறுத்தினால் காயல் மீனின் சுவையும் மீளும். அது தனியே எழுதத்தக்க பெருங்கதை.

இனி, மதிப்பைப் பற்றிய செய்திக்கு வருவோம். 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், நம் மாவட்டத்துக் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு ஊர் திரும்பவிருந்த முதிய பெண்மணி ஒருவர், மீன்வாடை வீசுகிறது என்று கூறிப் பேருந்தினின்று இறக்கிவிடப்பட்டார். அவர் அழுதுகொண்டே அங்கு நின்று நியாயம் கேட்ட காட்சியை நாடே கண்டது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அச்செயலைக் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். செய்தி அத்துடன் ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்மணி கேட்ட கேள்வி ஓய்ந்துவிட்டதா? மீனை விரும்பி உண்ணும் ஊரில், மீனைக் கொண்டுவந்து தந்தவளுக்கு இருக்கை இல்லை என்றால் அதை வாடையின் குற்றம் என்று எவ்வாறு கொள்வது?

சுசீந்திரத்துக்கு இதில் ஒரு பழைய தொடர்புண்டு. இவ்வூர்க் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடத்தல் ஆகாது என்றிருந்த காலத்தில், 1926இல் இங்கே சத்தியாக்கிரகம் நடைபெற்றது. டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் அதில் முன்னின்றனர். 1930இல் மீண்டும் போராட்டம் எழுந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. தெருவில் நடக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த ஊர் இது. அப்போராட்டமும் இன்றைய மீன்காரப் பெண்களின் குறையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அளவிலும் தன்மையிலும் அவை வேறு வேறு. ஆயினும் பொது இடம் யாருக்குரியது என்னும் வினாவை இந்த மண் முன்பே ஒருமுறை கேட்டுத் தெளிந்திருக்கிறது என்பதை இளைஞர் அறிதல் நலம்.

மறுப்புரைகளும் உண்டு. காய்கறி வாங்க வரும் மரக்கறி உணவினர்க்கு மீன்வாடை ஒவ்வாது என்பர். உண்மையே, அவர்தம் உணர்வை மதிக்க வேண்டும். கோயில் தெருவிலோ காய்கறிக் கடைக்கு நடுவிலோ மீன் விற்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சந்தை வளாகத்தின் ஒரு புறத்தில், தனி வாயிலும் தனி வடிகாலும் கொண்ட ஒரு பகுதி போதும். வழித்துக் கழுவ ஏதுவான மேடை, குடிநீர்க் குழாய், மீனின் எடைக்கு ஒத்த எடையில் பனிக்கட்டி, கழிவை அன்றாடம் அகற்றித் தென்னைக்கு உரமாக்கும் ஏற்பாடு – இவை இருந்தால் வாடை எங்கிருந்து வரும்? நாற்றம் மீனில் இல்லை. வடிகால் இல்லாத் தரையில்தான் இருக்கிறது. உழவர்க்கு அளிப்பது போலவே, கடற்கரை ஊர்களில் மீன் விற்கும் மகளிர்க்கு அடையாள அட்டை அளிக்க வேண்டும். எந்தக் கரையில், எந்நாளில் பிடித்த மீன் என்பதை விலைப்பலகையிலேயே எழுதிவிட வேண்டும். பொய் எழுதினால்? எழுதாதிருப்பதைவிட எழுதிய பொய்யைப் பிடிப்பது எளிது.

சட்டமும் துணைநிற்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு மகளிர் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அக்குழுவில் கடற்கரைப் பெண் ஒருத்தியேனும் அமர்ந்தால், மேடை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை எந்தப் பொறியாளரைவிடவும் நன்கு சொல்வாள்.

கடற்கரையார்க்குக் கூட்டுமுயற்சி புதிதன்று. கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடும், 1980இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பின் வழியாகவும், ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் அமைத்து, தரகரும் கடன் தருபவரும் விலையைத் தீர்மானித்த நிலையை மாற்றிய வரலாறு நம் மாவட்டத்துக்கு உண்டு. சங்கமே ஏலம் நடத்தும். விற்ற தொகையில் சிறு விழுக்காடு கடனுக்கும் சேமிப்புக்கும் பிடிக்கப்படும். கரையில் தரகரை வென்றவர்களால் நகரத்தில் ஒரு மேடையை நடத்த இயலாதா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட் கிளைடு என்னும் சிற்றூர் மீனவர் 2007இல் வேறொரு வழி கண்டனர். வாங்குவோர் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிடுவர். வாரந்தோறும் கடல் தந்ததில் தம் பங்கைப் பெறுவர். இன்ன மீன்தான் வேண்டும் என்ற பேச்சில்லை. ஐங்குறுநூற்று மனைவியின் கூடைக்கு இது உறவுமுறை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதை நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். விடுதியில் வாரம் இருமுறை மீன் சமைக்கிறோம். அம்மீன் எந்தக் கரையினது என்று விடுதிப் பொறுப்பாளரோ மாணவரோ இதுவரை கேட்டதுண்டா? மணக்குடி மகளிர் குழு ஒன்றோடு பேசி, பருவந்தோறும் ஒரு தொகையை முன்பணமாக அளித்து, அன்று கிடைக்கும் மீனை அவர்களிடமே வாங்கிக்கொள்ள நிருவாகத்தார் முன்வரலாம். சாளை கிடைத்தால் சாளைப் புளிமுளம். அயிலை கிடைத்தால் அயிலைக் குழம்பு. திங்கட்கிழமை இன்ன மீன் என்று பட்டியல் ஒட்டும் வழக்கத்தைத்தான் விடுதியார் கைவிட வேண்டியிருக்கும். ஊர்ப் பெரியோர் தம் செல்வாக்கைப் பயன்படுத்தி, காலை ஐந்து மணியளவில் மணக்குடியிலிருந்து சுசீந்திரம் வழியாக வடசேரிக்கு, பாத்திரங்களை வைக்கத் தனி இடம் கொண்ட பேருந்து ஒன்றை அரசிடம் கேட்டுப் பெறலாம்.

மாணவர்க்கு ஒரு வேலை உண்டு. வரும் விடுமுறையில், தம் ஊருக்கு மீன் கொண்டுவரும் பெண் எந்தக் கரையிலிருந்து வருகிறாள், எத்தனை மணிக்குப் புறப்படுகிறாள், ஏலத்தில் என்ன விலை கொடுத்தாள், வண்டிக்கு எவ்வளவு செலவழித்தாள், விற்காத மீனை என்ன செய்கிறாள் என்று கேட்டு எழுதி வாருங்கள். மீன்களின் பெயர்களையும், கூறு, கடவம் முதலான வழக்குச் சொற்களையும் அவள் சொல்லும் ஒலியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மலரில் அவற்றை வெளியிடத் துறை ஆயத்தமாயிருக்கிறது. அக்குறிப்புகளின் படி ஒன்றை, சந்தையில் இடம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு நாம் அளிக்கவிருக்கும் விண்ணப்பத்தோடு இணைத்துக்கொள்வோம்.